அடங்காத கியர்

“இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடுங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

பார்சல் வேன் ஓட்டும் அந்தப் பெண் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். கியர் லிவர் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கி, ‘டர்ர்ர்’ என்று கத்திக்கொண்டிருந்தது.

“வண்டின்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தாம்மா செய்யும். வீட்டுக்காரர் போடுற சத்தத்தைப் பொறுத்துக்கிறதில்லையா?”

“எங்க வீட்ல சத்தம் போடுறது நான்தாண்ணா!” என்று சிரித்தவள், பின் இருக்கையைக் காட்டும்போது முகம் வாடினாள். அங்கே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள் மகள்.

“மூணு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் வாயைத் திறக்கல. அழுதாக்கூட கண்ணீர்தான் வரும், சத்தம் வராது. காது நல்லாத்தான் இருக்காம். ஓயாம பேசுங்க, உங்க குரல் அவ காதுல விழணும்னு டாக்டர் சொல்றார். நாள் முழுக்க நாங்க இந்த வேன்லதான். நான் பேசுறதை எல்லாம் இது முழுங்கிடுது.”

மெக்கானிக் அதற்கப்புறம் கேலி பேசவில்லை. லிவரின் அடிப்பாகத்தைக் கழற்றினார். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்து பொடியாகிக் கிடந்தது. புதிது மாட்டி, கிரீஸ் தடவி, சுற்றிலும் ஸ்பாஞ்சு வைத்து மூடினார். அவளை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

தெருமுனை வரை ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் போன சைக்கிளின் செயின் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

“அண்ணா... வண்டி ஓடுதா, மிதக்குதா?” அவள் பிரமித்துப் போனாள். “குட்டிம்மா! அம்மா பேசுறது கேக்குதாடா?”

குழந்தை வழக்கம்போல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பத்தில் கியரை மாற்றினாள்.

‘டர்ர்ர்!’

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. பட்டறைக்குத் திரும்பி மறுபடியும் பிரித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. என்றாலும் இன்னொரு ரப்பரைச் சேர்த்து, போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, தானும் ஏறிக்கொண்டு கிளம்பச் சொன்னார். கியரை மாற்றியதும் மறுபடி அதே ‘டர்ர்ர்’.

அவர் லிவரைக் கையால் பிடித்துப் பார்த்தார். “என்னம்மா அதிசயமா இருக்கு! கையில துளி அதிர்வு இல்ல. ஆனா சத்தம் மட்டும் அச்சு அசலா வருது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கியரைப் பாத்ததே இல்ல.”

அவள் கண் கலங்கியது. “விடுங்கண்ணா. எங்க தலையெழுத்து அவ்வளவுதான்.”

“இருங்கம்மா. வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைங்க.”

அணைத்தாள். அவர் லிவரை மெதுவாக முதல் கியருக்குத் தள்ளினார்.

‘டர்ர்ர்.’

இரண்டாவதுக்கு இழுத்தார்.

‘டர்ர்ர்.’

“அணைச்ச வண்டியில எப்படிம்மா...?” அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தம் பின்னாலிருந்து வந்ததை அவள்தான் முதலில் கவனித்தாள்.

இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். முகவாயில் எச்சில் வழிய, அடுத்த கியர் எப்போது விழும் என்று அவர் கையையே பார்த்தபடி, வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள் குட்டிம்மா.