கையிலும் டிவியிலும்

"இனி மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மருத்துவர் வராந்தாவில் சொல்லிவிட்டுப் போனார். திரவியம் முகத்தைக் கழுவிக்கொண்டு மகளின் கட்டிலுக்கு வந்தார். பதினான்கு வயது ஷெர்லின், அவர் நேற்று வாங்கித் தந்த திரையுள்ள புது வீடியோ கேம் கருவியைக் கையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"படம் அவ்ளோ தெளிவா இருக்குப்பா. ஆனா கனம், கை வலிக்குது. வீட்ல டிவியில மாட்டிட்டா தூக்கவே வேண்டாம்."

"நாளைக்கே வீட்டுக்குப் போறோம்."

"எனக்குச் சரியாயிடுச்சா?"

"டிவியில எப்படி மாட்டணும், சொல்லு" என்றார் அவர்.

ஷெர்லின் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, திரையின் இரு பக்கமும் இருந்த பட்டன் பிடிகளைக் கழற்றி ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"ரெண்டு பேர் ஆடலாம்ப்பா" என்றாள். "நீங்க தனியாவும் ஆடலாம்."