டிரெய்லரில் பேசியவர்

பழைய படம் ஒன்று மறுபடியும் ரிலீஸாக இருந்தது. அதன் டிரெய்லரில் பேசியவர், இப்போது சவுண்ட் இன்ஜினீயராக இருந்த பெண்ணின் அப்பா. அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

"இதுலயாவது அப்பா பேரைப் போடுங்க சார்," என்றாள் மகள்.

"டிரெய்லர்ல பேசினவனுக்கெல்லாம் பேர் போட்டா, டீ வாங்கிட்டு வந்தவனுக்கும் போடணும்," என்றார் தயாரிப்பாளர்.

"அவருக்கும் போடுங்க."

"ரொம்பப் பேசற. அந்தக் குரலையே தூக்கிடு, வேற ஆளை வெச்சுக்கலாம்."

"என் கையால அழிக்க மாட்டேன்."

தயாரிப்பாளரே அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். குரல் கணீரென்று வந்தது. நாயகன், நாயகி பெயர்களைச் சொன்னது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். அப்போதும் குரல் நிற்கவில்லை. தயாரிப்பாளர் பெயர் வரவேண்டிய இடத்தில், எந்த டிரெய்லரிலும் வராத தன் பெயரைச் சொன்னது.

மகள் வால்யூமைக் கூட்டினாள். கூடியது.