தேவராஜ் வாசர்

"எங்கடா அந்தப் பொம்பள? இன்னிக்கு அவ பட்டறைக்குப் பூட்டுப் போடாம நான் வூடு திரும்ப மாட்டேன்!"

பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தேவராஜ் கத்தினான். பின்னாலேயே மச்சான் பாஸ்கரன் ஓடி வந்தான்.

கோபத்தில் நியாயம் இருந்தது. அடிபம்புக்குள் போடும் தோல் வாசர் முன்பெல்லாம் சீக்கிரமே தேய்ந்துபோய், அம்பத்தூர் முழுக்கப் பம்புகள் வெறும் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தன. இரண்டு தோலுக்கு நடுவில் லாரி ட்யூபை வைத்துத் தைத்தால் நீடித்து உழைக்கும் என்று கண்டுபிடித்தவன் தேவராஜ். கடைகளில் 'தேவராஜ் வாசர்' என்றே கேட்டு வாங்கினார்கள். இப்போது வனஜா என்று ஒருத்தி அச்சாக அதே வாசரைச் செய்து பாதி விலைக்கு விற்கிறாள்.

"சட்டப்படி பதிவு பண்ணி வெச்சிருந்தா கேஸ் போடலாம் மாமே."

"சர்க்கார் ஆபீஸ் வாசப்படியை மிதிக்காம பொழைக்கிறவன்டா நான்! லைசென்ஸ் கேட்டு வந்த இன்ஸ்பெக்டரையே தொரத்துனவன்!"

"அப்ப எந்தச் சட்டத்தை வெச்சுப் பூட்டுவே?"

"வாயை மூடிக்கினு வா!"

தகரக் கொட்டகையில் வனஜா தோல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என் சரக்கைத் திருடுறியே, வெக்கமா இல்ல?"

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"உன் சரக்கு உன் பட்டறையில பத்திரமாதானேண்ணே கீது? கடையில ஒண்ணு வாங்குனேன், பிரிச்சேன், பார்த்தேன், செஞ்சேன். உன் யோசனையை நான் எடுத்துக்கினா உனக்கு இன்னா கொறஞ்சா பூடும்?"

"சோறு தண்ணி இல்லாம மண்டையை ஒடைச்சுக்கினவன் நானு! நீ நோகாம வெட்டிக்கினு போனா, நாளைக்கு எவன்மா புதுசா யோசிப்பான்?"

வனஜா இப்போது கத்தியைக் கீழே வைத்தாள்.

"வூட்டுக்காரரு கம்பெனி லாக்-அவுட். இதை வுட்டா எங்களுக்கு வேற பொழப்பு இல்லண்ணே."

தேவராஜ் அவள் செய்த வாசர் ஒன்றை எடுத்து வளைத்தான். பட்டென்று விரிசல் விட்டது. அவன் முகம் இன்னும் சிவந்தது.

"தூ! இது ஒரு வாரம் தாங்குமா? தோலை விளக்கெண்ணெயில ஊற வெச்சியா?"

"எண்ணெயா? பிரிச்சுப் பார்த்தப்ப அதெல்லாம் ஒண்ணும் தெரியலியே!"

"எப்படித் தெரியும்? வித்தையே அதுலதான் கீது! இந்தக் கருமத்தைப் போட்டுத் தண்ணி வரலேன்னா தெருவுல பொம்பளைங்க யாரைத் திட்டுவாங்க? உன்னையா? பேரு என்னுதாச்சே, என்னைத்தான்! எந்திரி, அடுப்பைப் பத்த வை!"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். எண்ணெய் எவ்வளவு சூடு, தோல் எவ்வளவு நேரம் ஊறணும், தையல் எங்கே விழணும்... எல்லாவற்றையும் திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்தான்.

வளைத்தும் விரிசல் விடாத வாசரைக் கையில் வாங்கியதும் வனஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"நல்லா பூட்டினே மாமே!" என்றான் பாஸ்கரன்.

வனஜா சட்டென்று எழுந்து போய், கொட்டகை வாசலில் ஒரு கோணியை இழுத்துத் தொங்கவிட்டாள்.

"இன்னாம்மா இது? காத்தே வரல!" என்றான் தேவராஜ்.

"மெதுவா பேசுண்ணே! பக்கத்துப் பட்டறை நாகப்பன் எட்டி எட்டிப் பார்க்கிறான். அப்படியே காப்பி அடிச்சுடுவான், திருட்டுப் பய!"