பச்சை விளக்கு

"எங்க அப்பாவ ஏன் மாமா கீழ போட்டீங்க?" என்று ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு சிறுமி கேட்டாள். மண்சரிவில் சிக்கியவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது பின்பக்கம் கை நழுவவிட்டவன் அருமைநாதன். ஆனால் முன்னால் சுமந்த மரியசூசைதான் முந்திக்கொண்டு, "என் கைதாம்மா வழுக்கிருச்சு" என்றார். அதன்பின் ஊரில் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அருமைநாதன் வாய் திறக்கவில்லை.

இப்போது மீட்புக் குழுவுக்குப் பிடியை இறுக்கும் கையுறைகள் வந்துவிட்டன. பேட்டரி இருக்கும்வரை விரல்கள் சோராது. இன்று கால் முறிந்த ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் சுமந்து இருவரும் பாதி மலை இறங்கியபோது, மரியசூசையின் கையுறைகளில் சிவப்பு விளக்கு மினுங்கியது. சாலைக்கு இன்னும் இரண்டு மைல்.

"வேற பேட்டரி இருக்காண்ணே?"

"அறுபது வயசுக் கைக்கு எத்தன பேட்டரி போட்டாலும் தின்னுரும்டா. மாதா பிடிச்சுக்குவாங்க." சிரித்தபடி அவற்றைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, ஊற்றில் முகம் கழுவ இறங்கினார்.

அந்தப் பெண் மயங்கிக் கிடந்தாள். அருமைநாதன் தன் பேட்டரிகளைக் கழற்றி அவருடைய கையுறைகளில் பொருத்தினான். தீர்ந்தவற்றைத் தான் எடுத்துக்கொண்டான்.

திரும்பி வந்தவர் கையுறைகளை மாட்டிப் பார்த்தார். "பாத்தியா, கொஞ்சம் ஆறவிட்டதும் பச்சை எரியுது."

"ஆமாண்ணே. நீங்க முன்னால பாத்து நடங்க."

அவர் முன்பக்கம் திரும்பிய பிறகு, அருமைநாதன் தலைத்துண்டின் இரு முனைகளையும் ஸ்ட்ரெச்சரின் பின் கைப்பிடிகளில் முடிந்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.