சுவிட்சில் உப்பு

தருமன் சுவிட்சை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

மத்தியானத்திலிருந்து இந்தக் கதவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மூன்று கை மாறி வந்த பழைய வண்டி. பின்னால் இறால் பெட்டிகள், முன்னால் இரண்டு சீட்டு. இடப்பக்கக் கண்ணாடி ஏறியபடியே நின்றுவிட்டது. பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் இறங்கவில்லை.

ஃபியூஸை மாற்றிப் பார்த்தான். கதவின் உள்தகட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்தான். கண்ணாடி சமர்த்தாக இறங்கி ஏறியது.

ஆனால் பொன்னேரி வரைக்கும் ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டா வண்டி ஓட்டுவது?

மிச்சம் சுவிட்சுதான். பிரித்தபோது உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது.

நாளைக் காலை பானுப்ரியாவுக்குப் பொன்னேரியில் ஸ்கேன். ஏழாம் மாதம். போன மாதம் எறா நாற்றம் தாங்காமல் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். அவன் பக்கத்துக் கண்ணாடி இறங்கி என்ன? காற்று அவனைத் தாண்டித்தான் அவளிடம் போகவேண்டும்.

கண்ணாடி இறங்கினால் வண்டி, இல்லாவிட்டால் பஸ் என்று சொல்லிவிட்டாள். அந்த ரோட்டில், அந்த வயிற்றோடு, தன் பெண்டாட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட அவனுக்கு மனசு வரவில்லை.

உப்பு எப்படி வந்தது? ஊரை ஒட்டிய உப்புத் தண்ணீர் ஏரியில் வண்டி இறங்கியதில்லை. மழையும் உப்பாகப் பெய்வதில்லை.

பானுப்ரியா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோளில் அவனுடைய பழைய சட்டை. நாற்றம் போகவேண்டுமென்று தினமும் சாயங்காலம் சீட்டையும் கதவையும் கழுவுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். எந்தத் தண்ணீர் என்று கேட்டதில்லை.

வாளியில் ஏரிப்பாசி ஒரு துணுக்கு மிதந்தது.

நல்ல தண்ணீர் லாரியில் வருவது. குடத்துக்குச் சண்டை நடக்கும். அதை வண்டிக்கு யார் ஊற்றுவார்கள்?

"இன்னாய்யா, ஆப்டுச்சா?"

"பழைய வண்டியில்ல. சுவிட்சு தேஞ்சிபோச்சி."

"சும்மா பழசு பழசுன்னாத. நான் கழுவுற கழுவுக்குப் புதுசு கணக்கா கீது பாரு."

வாளியை வைத்துவிட்டு சோப்புத்தூள் எடுக்க உள்ளே போனாள்.

தருமன் சத்தமில்லாமல் வாளியை மண்ணில் கவிழ்த்தான். தான் குளிப்பதற்காக வேலியோரம் எடுத்து வைத்திருந்த ஒரு குடம் நல்ல தண்ணீரை அதில் ஊற்றினான். மண்ணில் கிடந்த பாசித் துணுக்கை எடுத்து, ஞாபகமாக மேலே போட்டான்.

"இன்னிக்கு நுரை அள்ளுதுய்யா!" என்று அவள் கதவைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அவன் தலை நிமிரவில்லை. சுவிட்சைப் பெட்ரோலில் கழுவி, சுரண்டி, ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அவளை ஏறி உட்காரச் சொன்னான். அவள் சீட்டை மோந்து பார்த்தாள். கதவை மோந்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"வண்டில நாத்தமே இல்லய்யா. உம்மேலதான் அடிக்குது. குளிக்கலியா நீ இன்னிக்கு?"

தருமன் அவள் பக்கத்துப் பட்டனை அழுத்தினான்.

கண்ணாடி முழுசாக இறங்கியது.