காந்தப்புயலன்று பெண் பார்த்தல்

பெண் பார்க்க வந்தவர்கள் முந்திரிக்கொத்தைத் தின்று முடித்தும் மணப்பெண் பேராச்சியைக் காணோம். காலையில், விமானங்களின் ரேடியோவைக் குழப்பும் சூரியக் காந்தப்புயல் பற்றிய அறிவிப்பு வந்ததுமே, தான் வேலை பார்க்கும் தூத்துக்குடி விமானக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிவிட்டாள்.

“பொண்ணு பாக்குற அன்னைக்குக்கூடவா லீவு கிடைக்காது?” மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

பேராச்சியின் அம்மா இசக்கியம்மாளுக்குச் சுருக்கென்றது. எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டினாள். விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“துருவத்துப் பக்கம் புயல் ஆடுத ஆட்டம் நம்ம பக்கம் கிடையாது. அதான் அங்க பறக்க வேண்டியதெல்லாம் இங்க வருது. அத்தனைக்கும் வழி சொல்லி அனுப்புறது என் மவதான்.”

மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்தபடியே நின்றாள். இதுவரை போன வீட்டிலெல்லாம் “ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்” என்று எழுந்து வந்தவள் அவள்.

இறங்கும்போது இசக்கியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொண்ணுகிட்டக் கேட்டுட்டு, நீங்க தகவல் சொல்லுங்க மயினி.”