விட்டுப்போகாத கேபிள்

கண்ணாடி மேசைமேல் இரண்டு கேபிள்களை எடுத்துப் போட்டு, எது வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர் பாலகிருஷ்ணன்.

அமலராணி இரண்டையும் தொடாமல் நின்றாள். ஒயர் வாங்க வந்த இடத்தில் இப்படியா பயம் வரும் என்று கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வந்தது.

“இது மெலிசுக்கா. ஸ்டீரிங்கு குலுங்குற குலுக்குல நடுவுல வுட்டுப்பூடும். இது நல்ல தடிப்பு, முனையும் கெட்டியா புடிச்சிக்கும். எவ்ளோ ஆட்டுனாலும் வுடாது.”

வீட்டில் இருப்பது கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டுக்கான ஸ்டீரிங். கொழுந்தன் ஜூடு சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அதன் ஒயர் கம்ப்யூட்டர் வரை எட்டவில்லை. அதனால் இன்னொரு கேபிளைச் செருகி நீட்டியிருந்தார்கள். அந்தக் கேபிள்தான் அடிக்கடி விட்டுப்போகிறது என்று அவள் புருஷன் ஆன்றோ சொன்னான்.

முப்பத்தெட்டு வயது ஆளுக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஆன்றோ லாரி ஓட்டியவன். செராமிக் கம்பெனிச் சரக்கை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் வரை போய்வருவான். எட்டு மாதத்துக்கு முன்னால் சேத்தியாத்தோப்புப் பாலத்தில் ஸ்டீரிங் கையோடு லொடலொடவென்று சுற்றிவிட்டது. கைப்பிடிச் சுவரை இடித்து, முன்சக்கரம் வெள்ளாற்றுக்கு மேலே தொங்கியபடி லாரி நின்றது. உயிர் பிழைத்தான். அன்றிலிருந்து ஸ்டீரிங்கைத் தொட்டால் கை உதறும். அந்த உதறல் போகட்டும் என்றுதான் ஜூடு இதை அனுப்பினான்.

உதறல் போய்விட்டது. அதுதான் அவளுடைய பயமே.

இந்த விளையாட்டில் ஒரு மணி நேரம் நடுவில் விட்டுப்போகாமல் ஓட்டிக் காட்டிவிட்டால் திங்கட்கிழமை வண்டி எடுக்கிறேன் என்று லாரி ஓனரிடம் சொல்லியிருந்தான். இன்று சனிக்கிழமை.

இதுவரை ஒருநாளும் ஒரு மணி நேரம் ஓடவில்லை. திரையில் ஒரு பாலம் வரும், ஸ்டீரிங் செத்துவிடும். பாழாய்ப்போன கேபிள் என்று அவன் கத்துவான். அவள் அடுப்படியில் நின்று மாதாவுக்கு நன்றி சொல்வாள்.

மெலிசையே வாங்கிப் போனால் போதும். புருஷன் வீட்டோடு இருப்பான். யாருக்குத் தெரியப்போகிறது?

மெலிசான கேபிளைக் கையில் எடுத்தாள்.

அதே செராமிக் கம்பெனியில் அவளுக்கு, சூளையிலிருந்து வந்த பீங்கான் ப்யூஸ் கட்டைகளைத் தரம் பார்க்கிற வேலை. இரண்டை ஒன்றோடொன்று தட்டுவாள். கணீரென்றால் நல்ல பெட்டிக்கு. சத்தம் செத்திருந்தால் உள்ளே வெடிப்பு, கழிசல் கூடைக்கு. பதினோரு வருஷத்தில் ஒரு வெடிப்புக் கட்டைகூட அவள் கைக்குத் தப்பி நல்ல பெட்டிக்குள் போனதில்லை.

அந்தக் கைதான் இப்போது சண்டித்தனம் செய்தது. மெலிசைத் தள்ளிவிட்டது.

“தடிப்பே குடுங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து அவளே மேசைக்கு அடியில் குனிந்து கேபிளைச் செருகினாள். இழுத்துப் பார்த்தாள். பிடி கெட்டியாக இருந்தது.

ஆன்றோ ஓட்ட ஆரம்பித்தான். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ஸ்டீரிங் குலுங்கியது, மேசை ஆடியது. கேபிள் அசையவில்லை.

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து முறத்தில் பூண்டு உரித்தாள். நகக்கண்ணில் தோல் ஏறியது தெரியவில்லை. திங்கட்கிழமை இந்நேரம் இவன் அந்தப் பாலத்தில் இருப்பான் என்ற நினைப்பு போகவில்லை. திரையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், மேசைக்கு அடியில் கிடந்த கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிஷம் ஆனது. இஞ்சின் சத்தம் மாறியது. பாலம் வந்திருக்க வேண்டும்.

மேசைக்கு அடியில் ஆன்றோவின் இடது கால் மெல்ல நகர்ந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலுமாகச் சேர்ந்து இரண்டு ஒயரும் சேரும் இடத்தைக் கவ்வின. ஒரு இழுப்பு.

ஸ்டீரிங் செத்தது.

“பாழாப்போன கேபிளு” என்றான். “இதுவும் சரியில்ல ராணி.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்து போன உதறல் அந்தக் காலில் இருந்தது.

“ஆமாங்க, வெடிப்பு வுட்ட சரக்கு” என்றாள். “திங்கக்கெழம வண்டி வேணாம்னு ஓனருகிட்ட நானே போயி சொல்லிட்டு வரேன்.”

கேபிளை உருவிச் சுருட்டினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, நல்ல சரக்கைக் கழிசலில் போட்டாள்.